இரண்டு சாட்சிகளும் உண்மையே சொன்னார்கள்

புதுக்கடை நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணையின்போது எழும் கேள்விகளில் ஒன்று என்னை எப்போதும் ஈர்க்கும். "நீங்கள் சத்தம் கேட்ட நேரத்தைச் சொல்கிறீர்களா, சம்பவம் நடந்த நேரத்தைச் சொல்கிறீர்களா?" ஒரு கிலோமீற்றர் தொலைவில் இடி விழுந்தால் அதன் ஓசை நம் காதுக்கு வந்து சேர மூன்று செக்கன் பிடிக்கும். கேட்ட நேரத்தையே விழுந்த நேரம் என்று சொல்பவர் பொய்ச்சாட்சி அல்லர். கணக்குப் பார்க்க மறந்தவர். அந்த மூன்று செக்கனைக் கழித்துவிட்டால், நேர்மையான இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தைத்தான் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் மட்டுமல்ல, பௌதிகவியலும் 1905ஆம் ஆண்டு வரை அப்படித்தான் நம்பியிருந்தது.

அந்த ஆண்டில், சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞர் ஒருவர் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையின் அடியை அசைத்தது. ஒருவருக்கொருவர் சார்பாக இயங்கும் இரண்டு சாட்சிகள் எல்லாக் கணக்கையும் பிழையறச் செய்த பிறகும், "இரண்டு சம்பவங்களும் ஒரே நேரத்தில் நடந்தனவா?" என்ற கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லலாம், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அல்பேர்ட் ஐன்ஸ்டீன் காட்டியது இதைத்தான். சிறப்புச் சார்புக் கொள்கையின் இதயம் இது.

கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுப்பவன் நான். இந்தக் கொள்கை நமது உயர்தரப் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அதன் பிள்ளை இருக்கிறது. கருப்பிளவில் குறைந்துபோன திணிவைக் கண்டுபிடித்து, அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வெளிவந்த சக்தி இவ்வளவு என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், புள்ளியும் வாங்குகிறார்கள். எதற்காக ஒளியின் வேகத்தால் பெருக்குகிறோம் என்று கேட்டால் வகுப்பு குனிந்துகொள்கிறது. அதே பிள்ளைகள் இணைந்த கணித வகுப்பில் கப்பல்களையும் படகுகளையும் ஓடவிட்டுச் சார்பு வேகத்துக்கு முக்கோணி வரைகிறார்கள். ஒரே புத்தகப் பைக்குள் கதையின் தொடக்கமும் முடிவும் கிடக்கின்றன. நடுப்பகுதியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்த நடுப்பகுதியை நாம் கற்பிக்க வேண்டும், கற்பிக்கவும் முடியும். அதற்கு உயர்கணிதம் தேவையில்லை. சிந்தனைப் பரிசோதனைகள் சிலவும், கையால் செய்யக்கூடிய படங்கள் சிலவும், சாதாரண தரத்தில் படித்த பைதகரசின் தேற்றமும் போதும். நான்கு பாடவேளைகளில் முடியும். நான் செய்து பார்த்தவன் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

கப்பலில் தொடங்குவோம்

1922 ஒக்டோபர் 28ஆம் திகதி, ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த 'கித்தானோ மாரு' என்ற கப்பல் கொழும்பில் தரித்தது. ஐன்ஸ்டீனும் அவரது மனைவி எல்சாவும் அதில் வந்திருந்தனர். மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறி நகரைச் சுற்றியதையும், சக மனிதரை இப்படி நடத்துவதற்குத் தாமும் துணைபோனதை எண்ணி வெட்கப்பட்டதையும் அவர் நாட்குறிப்பில் எழுதினார். அதே நாட்குறிப்பில் இங்கு வாழ்ந்த எளிய மக்களைத் தாழ்த்திப் பேசும் வரிகளும் இருக்கின்றன. 2018இல் அது ஆங்கில நூலாக வெளிவந்தபோது பலருக்கும் மனம் நொந்தது. சீராக இயங்கும் எல்லா அவதானிகளும் சமம் என்று இயற்கையிடமிருந்து கற்றுச் சொன்னவர், துறைமுகத்தில் இறங்கி மனிதரைப் பார்த்தபோது அந்தச் சமத்துவத்தை முழுதாகக் கைக்கொள்ளவில்லை. இதை நான் மாணவர்களுக்கு மறைப்பதில்லை. ஒரு கொள்கையை மதிப்பதற்கு அதைத் தந்தவரை வழிபட வேண்டும் என்றில்லை.

அவரைக் கொண்டுவந்த கப்பலே பாடத்தின் முதற்படி. கொட்டாஞ்சேனையில் மாடியேறி நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். கப்பல் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிய பொருள். 1632இல் கலிலியோ தமது நூலில் ஒரு கப்பலைக் கற்பனை செய்யச் சொன்னார். கீழ்த்தட்டில் யன்னல் இல்லாத அறை. உள்ளே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன. மேலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக ஒரு பாத்திரத்தில் விழுகிறது. கப்பல் நின்றாலும் சீரான வேகத்தில் ஓடினாலும் இவற்றில் எதுவும் மாறாது. உள்ளே இருப்பவர் எந்தப் பரிசோதனை செய்தும் கப்பல் ஓடுகிறதா என்று சொல்ல முடியாது.

அதற்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால், 499ஆம் ஆண்டைச் சேர்ந்த தமது நூலில் ஆரியபட்டர் ஒரு படகைக் காட்டினார். முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவதைப் போல, அசையாத விண்மீன்கள் லங்கையில் இருப்பவர்களுக்கு மேற்கே செல்வதாகத் தெரிகின்றன என்றார். பழைய வானியலில் லங்கை என்பது நிலநடுக்கோட்டில் கணிப்புக்காக வைத்துக்கொண்ட புள்ளி. அதை நமது தீவின் பெருமையாக்கத் தேவையில்லை. படகையும் வானத்தையும் ஒரே தராசில் வைத்த அந்தச் சிந்தனையே பெருமைக்குரியது.

பதினாறு வயதில் ஐன்ஸ்டீன் இதே கேள்வியை ஒளியிடம் கேட்டார். ஒரு ஒளிக்கதிரை ஒளியின் வேகத்திலேயே துரத்திக்கொண்டு ஓடினால் என்ன தெரியும்? கூடவே ஓடும் ரயிலைப் பார்ப்பதுபோல, அலை உறைந்து நிற்பதாகத் தெரிய வேண்டும். அப்படி உறைந்த ஒளியை மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் அனுமதிக்கவில்லை. தவிரவும், ஒளி உறைந்ததைக் கண்டவுடனேயே "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று யன்னலற்ற அறையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்; கலிலியோவின் கப்பல் உடைந்துபோகும். கப்பலைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு வழிதான் உண்டு. யார் அளந்தாலும், எந்த வேகத்தில் போய்க்கொண்டு அளந்தாலும், ஒளி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றரே செல்ல வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் விட்டுக்கொடுக்க வேண்டியது நேரம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரமலோகம் போய்த் திரும்பிய ககுத்மி அரசன், பூமியில் யுகங்கள் கழிந்திருக்கக் கண்ட கதையைச் சொல்லி, "எல்லாம் நமது புராணத்திலேயே இருக்கிறது" என்று முடித்துவிடும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். கதை நல்ல கதை. பிள்ளைகளின் மனத்தைத் திறக்கும். ஆனால் கதைசொல்லி நினைத்தபடி எத்தனை யுகமும் ஓட விடலாம். சிந்தனைப் பரிசோதனை செய்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இரண்டு விதிகளை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அவை இழுத்துச் செல்லும் இடத்துக்கெல்லாம் அவர் போயாக வேண்டும். எவ்வளவு நேரம் வித்தியாசப்படும் என்று எண்ணில் சொல்லவும் வேண்டும்.

வெள்ளவத்தை ரயிலும் இரண்டு மின்னலும்

1917இல் வெளிவந்த தமது எளிய நூலில் ஐன்ஸ்டீன் ஒரு ரயிலையும், தண்டவாளக் கரையையும், இரண்டு மின்னல்களையும் கொண்டு இதை விளக்கினார். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு அளவில் படித்தவர்களுக்காக எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். அதாவது, நமது உயர்தர மாணவர்களே அவர் மனத்தில் வைத்திருந்த வாசகர்கள்.

அந்த ரயிலை நான் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரைன் டிரைவ், நடுவே கோட்டையை நோக்கிப் போகும் பாதை. ஒக்டோபர், நவம்பர் மாத மாலைகளில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. மேடையின் நடுவில் ஒருவர் நிற்கிறார்; ரயிலின் நடுப்பெட்டியில் ஒருவர் இருக்கிறார். இருவரும் நேருக்கு நேர் வரும் கணத்தில் ரயிலின் முன்முனையிலும் பின்முனையிலும் மின்னல் விழுந்து, ரயிலிலும் மேடையிலும் கரிந்த தடம் விடுகிறது. இது மேடையில் நிற்பவரின் கணக்கு.

வகுப்பில் இதற்கு நீண்ட வாங்கு ஒன்று, அட்டைக் கீலங்கள் இரண்டு, இரண்டு நாணயங்கள், ஓர் அடிமட்டம் வேண்டும். ஒரு கீலம் மேடை, வாங்கில் ஒட்டியிருக்கும். மற்றது ரயில், நகரும். இரண்டின் முனைகளையும் தீக்குச்சியால் கரித்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அந்தக் கரி முக்கியம். முனைகள் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 40 சென்ரிமீற்றர். நாணயங்கள்தாம் ஒளி. நான் கைதட்டும் ஒவ்வொரு தடவையும் நாணயம் 5 சென்ரிமீற்றர் நகர வேண்டும். ரயில் 3 சென்ரிமீற்றர் நகர வேண்டும். ஐந்தாவது தட்டில் முன்பக்க நாணயம் ரயிலின் நடுவில் இருப்பவரைச் சந்திக்கிறது. எட்டாவது தட்டில் இரண்டு நாணயங்களும் மேடையின் நடுவில் ஒன்றாகச் சந்திக்கின்றன. பின்பக்க நாணயம் ரயிலில் இருப்பவரைத் துரத்திப் பிடிக்க இருபதாவது தட்டாகிறது. பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ணுவார்கள்.

பிறகு கேள்வி கேட்பேன்: "ரயிலில் இருக்கிறவ என்ன முடிவுக்கு வருவா?"

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இதைச் சொல்லும்: "சேர், அவ முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவ. அதாலதான் முன் வெளிச்சம் முதல் வந்தது. உண்மையில ரெண்டும் ஒரே நேரம்தானே விழுந்தது?"

நல்ல மாணவன்தான் இப்படிச் சொல்வான். இடியோசைக்குக் கணக்குப் பார்த்த சாட்சியைப் போல அவனும் கணக்குப் பார்க்கிறான். ஆனால் மேடையில் நிற்பவரின் கணக்கைக் கொண்டுபோய் ரயிலில் இருப்பவரின் தலையில் ஏற்றுகிறான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷெர், ஷாஃபர், வோக்கோஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதே இடத்தைத்தான் சுட்டியது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தைப் படித்து முடித்தவர்களிலும் பலர், ஒளி வந்து சேர்ந்த நேரத்தையும் சம்பவம் நடந்த நேரத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். "உண்மையில் ஒரே நேரம்தான்" என்ற பழைய நம்பிக்கையை விடாமல் வைத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துபோகும் ஆசிரியர் இதைக் காணமாட்டார். பிள்ளை தலையாட்டும், நம்பிக்கை அப்படியே இருக்கும்.

ஒருமுறை பதில் பின்வாங்கிலிருந்து வந்தது. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை அது. "அவவுக்குத் தான் போறது எப்படித் தெரியும்? யன்னலை மூடினா அவ சும்மாதானே இருக்கிறா."

கலிலியோவின் அறைக்குள் அந்தப் பிள்ளை வகுப்பையே கொண்டுபோய் விட்டது. இப்போது ரயிலில் இருப்பவரின் சாட்சியத்தை அவரிடமே கேட்போம். "நான் ரயிலின் நடுவில் இருந்தேன். இரண்டு முனைகளிலும் கரிந்த தடங்கள் இருக்கின்றன. இரண்டும் எனக்குச் சம தூரம். ஒளி எனக்கும் ஒரே வேகத்தில்தான் வரும். முன்னால் இருந்து வந்தது முதலில் வந்தது. ஆகவே முன்னால்தான் மின்னல் முதலில் விழுந்தது." இதில் எந்த வரியையும் குறுக்கு விசாரணையில் உடைக்க முடியாது. உடைக்க வேண்டுமானால் ஒளியின் வேகத்தை உடைக்க வேண்டும்; அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். வகுப்பு அமைதியாகும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

மேசனின் முக்கோணி

அடுத்த பாடத்துக்கு மேசனின் கயிறு போதும். வீட்டு மூலையை மட்டம் பிடிக்க மேசன்மார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த 3, 4, 5தான் நமது மணிக்கூடு.

ரயிலின் தரையிலிருந்து ஓர் ஒளித்துடிப்பு கூரைக்குப் போகிறது. ரயிலில் இருப்பவருக்கு அது நேரே மேலே 4 அளவு தூரம் ஏறியது. மேடையில் நிற்பவருக்கோ ஒளி ஏறும்போதே ரயில் 3 அளவு முன்னே போய்விட்டது. ஆகவே ஒளி சாய்வாக 5 அளவு போயிருக்கிறது. இருவருக்கும் ஒளியின் வேகம் ஒன்றே என்றால், தூரம் கூடியவருக்கு நேரமும் கூடியிருக்க வேண்டும். மேடையில் 5 செக்கன் கழியும்போது ரயிலில் 4 செக்கனே கழிகிறது. ஒளிவேகத்தின் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் போகும் ரயிலுக்கு இதுதான் கணக்கு. ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

இந்த இடத்தில் பிள்ளைகளைக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போக விரும்புவேன். 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்து, 1867 முதல் 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் நின்றது அது. நேரமும் ஒளியும் ஒரே கோபுரத்தில் இருந்த ஊர் இது. ஒளியால் நேரத்தை அளப்பது என்றால் என்ன என்பதை அதன் நிழலில் நின்று பேசலாம்.

"அப்படியென்றால் ஏன் எங்களுக்குத் தெரிவதில்லை?" என்று கேட்பார்கள். கையிலுள்ள 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைக் காட்டுவேன். ஒளி அதைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த ஒளிக்கு முன் நமது ரயில் எம்மாத்திரம்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் 100 வருடம் இறங்காமல் ரயிலில் போனாலும், மேடையில் நின்றவரைவிட அவரது மணிக்கூடு ஏறத்தாழ 5 மைக்கிரோசெக்கன்தான் பிந்தியிருக்கும்.

தீர்ப்பு எது?

பெரும்பாலானோர் பாடத்தை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். "ஐன்ஸ்டீன் எல்லாமே சார்பானது என்று சொன்னார்" என்ற தவறான வாசகம் அதனால்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அவர் தமது 1905 கட்டுரைக்கு இட்ட தலைப்பு இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியது. சார்பு என்ற பெயரை அடுத்த ஆண்டு மக்ஸ் பிளாங்க் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

மேசனின் முக்கோணிக்குத் திரும்புங்கள். மேடையில் நிற்பவர் சொன்னார்: நேரம் 5, தூரம் 3. ரயிலில் இருப்பவர் சொன்னார்: நேரம் 4, தூரம் 0, மணிக்கூடு அவருடைய கையருகிலேயே இருந்தது. நேரத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். 25இலிருந்து 9 போனால் 16. 16இலிருந்து 0 போனால் 16. வேறு எந்த வேகத்தில் எந்தச் சாட்சி வந்தாலும் இந்த 16 மாறாது. ஐன்ஸ்டீனுக்கு ஒரு காலத்தில் கணிதம் கற்பித்த ஹேர்மான் மின்கோவ்ஸ்கி 1908இல் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் எடுத்து நிறுத்தியது இதைத்தான். சாட்சியங்கள் வேறுபடலாம், தீர்ப்பு ஒன்று. அந்தத் தீர்ப்பைக் கண்டடையும் விதியே சார்புக் கொள்கை.

மின்கோவ்ஸ்கியின் படத்தை வரைபுத்தாளிலேயே வரையலாம். ஓர் அச்சில் தூரம், மறு அச்சில் நேரம். ஒளி 45 பாகை சரிவில் போகும் கோடு. ரயில்கள் எங்கே எப்போது குறுக்கிடும் என்று பார்க்க ரயில்வேக்காரர் நேரத்துக்கும் தூரத்துக்கும் வரையும் படமும் இதே இனம்தான். "இது ரயில் நேர அட்டவணையின் படம்" என்று சொன்னால் மாணவரின் பாதிப் பயம் போய்விடும்.

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு

இதெல்லாம் கற்பனைதானே என்று கேட்கும் பிள்ளையிடம் உள்ளங்கையை நீட்டச் சொல்வேன். அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவோன் என்ற துணிக்கைகளை உண்டாக்குகின்றன. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வந்து விழுகிறது. நீட்டிய கையினூடாகச் செக்கனுக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கும்.

மியூவோனின் சராசரி ஆயுள் 2.2 மைக்கிரோசெக்கன். ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீற்றர்தான் போகலாம். 15 கிலோமீற்றரைக் கடந்து உயிரோடு தரைக்கு வருவது, சுமார் 700 கோடியில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை நம் கையில் விழுந்துகொண்டே இருக்கின்றன. நமது மணிக்கூட்டுப்படி, ஓடும் மியூவோனின் மணிக்கூடு மெதுவாக ஓடுகிறது. அதனால் வந்து சேர்கிறது.

1960களின் தொடக்கத்தில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் இதை அளந்து, மாணவர்களுக்காகத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் மணிக்கு 560 மியூவோன் அளவில் பதிவாயின. சாதாரண கணக்குப்படி கடல்மட்டத்தில் 30க்கும் குறைவாகவே எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியவை 400க்கு மேல். நுவரெலியாவின் உயரமும் ஏறக்குறைய அதுவேதான். நுவரெலியாவிலும் கொழும்பிலும் ஒவ்வொரு கருவி வைத்து எண்ணிப் பார்த்தால், ஓடும் மணிக்கூடு மெதுவாவதை நமது தீவிலேயே பிள்ளைகள் பதிவு செய்யலாம். நமது பல்கலைக்கழகங்களின் பௌதிகவியல் துறைகள் பாடசாலைகளைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

படமும் ஏமாற்றும்

காட்சிகளை நம்பி வாதாடும் நான், காட்சிகளின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒளிவேகம் மிகக் குறைந்த ஒரு நகரத்தைக் கற்பனை செய்து ஜோர்ஜ் கமோவ் எழுதிய மிஸ்டர் டொம்ப்கின்ஸ் கதையில், சைக்கிளில் போகிறவர் தட்டையாக நசுங்கித் தெரிகிறார். பல தலைமுறைகளை ஈர்த்த படம் அது. ஆனால் 1959இல் ஜேம்ஸ் டெரலும் ரொஜர் பென்ரோஸும் தனித்தனியே காட்டியது வேறு. வேகமாகப் போகும் பொருளின் நீளத்தை அளந்தால் சுருங்கியிருக்கும். ஆனால் கண்ணால் பார்த்தால் அது திரும்பியிருப்பது போலத்தான் தெரியும். வேகமாக ஓடும் உருண்டையின் வெளிவிளிம்பு வட்டமாகவே இருக்கும். அளப்பது வேறு, பார்ப்பது வேறு. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர் 2012இல் இலவசமாக வெளியிட்ட கணினி விளையாட்டொன்று, பார்ப்பது எப்படியிருக்கும் என்பதைக் காட்டுகிறது. அதை வகுப்பில் ஓடவிடும் ஆசிரியர், "இது கண்ணுக்குத் தெரிவது, நாம் கணக்கிட்டது அளந்தது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பொருந்தாத உவமைகளும் அப்படித்தான். 1996இல் இலங்கையின் நேரம் முன்நகர்த்தப்பட்டு 2006இல் மீண்டும் பழைய நிலைக்கு வந்ததையும், அந்த ஆண்டுகளில் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியதையும் பெற்றோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டு வாழ்ந்த நாடு இது. இதைச் சார்புக் கொள்கைக்கு உதாரணமாகச் சொன்னால் பிள்ளை வழிதவறும். அன்று மாறியது முள்ளை வைத்த இடம். ஐன்ஸ்டீன் சொல்வது முள்ளின் ஓட்டத்தை.

"பரீட்சைக்கு வராதே"

பெற்றோரும் சில ஆசிரியர்களும் சொல்லும் தடை இது. முதற்பதில், நம் கைபேசியில் இருக்கிறது. வழி பார்த்து வாசலுக்கு வரும் ஓட்டோவுக்கு இடம் காட்டும் செய்மதிகளின் மணிக்கூடுகள், அவற்றின் வேகத்தால் நாளுக்கு 7 மைக்கிரோசெக்கன் பிந்துகின்றன. உயரத்தில் ஈர்ப்புக் குறைவதால் 45 மைக்கிரோசெக்கன் முந்துகின்றன. எஞ்சும் 38ஐத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீற்றர் அளவுக்குப் பிழை சேரும்.

இரண்டாவது பதில் ஒரு தமிழ் மாணவரின் கதை. 1928இல் ஜேர்மன் அறிஞர் சொமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது, படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்று அங்கிருந்த சந்திரசேகருக்குத் தெரியவந்தது. பாடத்திட்டத்துக்கு வெளியே போய்ப் புதியவற்றைத் தாமே கற்றார். 1930 ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் கப்பலேறினார், வயது 19. மிக அடர்த்தியான விண்மீனுக்குள் இலத்திரன்கள் ஒளிவேகத்தை நெருங்கும் என்றால் கணக்கில் சிறப்புச் சார்புக் கொள்கையைச் சேர்க்க வேண்டுமே என்று அந்தப் பயணத்தில் அவருக்குத் தோன்றியது. சேர்த்துப் பார்த்தபோது, வெண்குறளி விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை இருக்கக் கண்டார். சூரியனின் திணிவைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கான அந்த எல்லை இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. 1983இல் நோபல் பரிசு பெற்றார். கப்பலேறியபோது அவருக்கிருந்த வயது, ஏறக்குறைய நமது உயர்தரப் பிள்ளைகளின் வயதுதான்.

தமிழில் முடியுமா என்ற சந்தேகத்துக்கும் விடை பழையது. 1920இல் கல்கத்தாவில் மேக்நாத் சாஹாவும் சத்தியேந்திரநாத் போசும், தங்கள் மாணவர்களுக்கு எட்டாத ஜேர்மன் மொழியில் கிடந்த ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி கட்டுரைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து நூலாக்கினார்கள். இருவரும் அப்போது முப்பதை எட்டாத இளைஞர்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். திணிவு, உந்தம், ஆர்முடுகல், சடத்துவம் என்று நாம் நாளும் புழங்கும் சொற்கள் நம் முன்னோர் உட்கார்ந்து ஆக்கித் தந்தவை. மேசனின் முக்கோணியைத் தமிழில் சொல்ல முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மகரகம தேசிய கல்வி நிறுவகம், கருச்சக்திப் பாடத்துக்கு முன் ஆசிரியர் வழிகாட்டியில் நான்கு பாடவேளைகளுக்கான துணைப்பாடம் ஒன்றைச் சேர்க்கட்டும். அதற்குப் பரீட்சை வினா வேண்டியதில்லை. தமிழ் ஆசிரியர் சங்கங்களும் வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும், அட்டை ரயிலையும் வரைபுத்தாள் படங்களையும் செய்யும் முறையைச் சிறு கையேடாக அச்சிடட்டும். மூன்றாவது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு சனிக்கிழமைகளை இதற்குக் கொடுங்கள்.

ஓர் அடிமட்டம், இரண்டு அட்டைக் கீலங்கள், இரண்டு நாணயங்கள், ஒரு தீப்பெட்டி போதும். பாடம் முடியும்போது பிள்ளைகளின் கொப்பியில் 25 சய 9 சமன் 16 என்ற வரி இருக்கவேண்டும். அதைத் தன் கையாலேயே கண்டுபிடித்த பிள்ளை, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் ஏன் பெருக்குகிறோம் என்ற கேள்வியைத் தானே கேட்கும். அந்தக் கேள்வியை அதன் வாயிலிருந்து வரவழைப்பது நமது கடமை.